மழைக்குப் போட்ட கட்டை விரல்

எங்கள் மலையில் மழையை சென்ட் கணக்கில்தான் சொல்வோம். நிலம் அளக்கிற சென்ட் அல்ல. ஓர் அங்குல மழையை நூறு பங்காக்கினால் அதில் ஒரு பங்கு. எஸ்டேட் வைத்த வெள்ளைக்காரர்கள் கொண்டுவந்த கணக்கு அது. ஊர் உலகமெல்லாம் மில்லிமீட்டருக்கு மாறிவிட்டது, நாங்கள் மாறவில்லை. மழைக்காலத்தில் காலையில் டீக்கடையில் ஒருவரை ஒருவர் பார்த்தால், சௌக்கியமா என்று கேட்பதற்கு முன்னால், "எத்தன சென்ட்டுங்க?" என்றுதான் கேட்போம்.

நான் வெள்ளக்கடைப் பக்கம் ஓர் எஸ்டேட்டில் ரைட்டராக இருந்து ஓய்வு பெற்றவன். ஆள் கணக்கு, கூலிக் கணக்கு, மழைக் கணக்கு மூன்றும் என் கையில் இருந்தன. ஓய்வு பெற்றதும் முதல் இரண்டும் விட்டுப்போயின. மூன்றாவது விடவில்லை. வீட்டை ஒட்டி எனக்கு ஒரு ஏக்கர் காப்பித் தோட்டம் இருக்கிறது. அதில் ஒரு மழைமானியை நட்டு வைத்திருக்கிறேன். விடிந்ததும் பல் துலக்குவதற்கு முன் அதைப் போய்ப் பார்ப்பேன். "பொண்டாட்டி மூஞ்சியப் பாக்கறதுக்கு முன்னால அதப் பாத்தாத்தான் உங்களுக்குப் பொழுது விடியும்" என்பாள் என் மனைவி. உண்மைதான்.

இந்த மழைக் கணக்குக்காகத்தான் போனில் ஒரு குழு தொடங்கினார்கள். மலையில் ஓர் ஊரில் கொட்டும், அடுத்த ஊரில் தூறல்கூட இருக்காது. எங்கே எவ்வளவு பெய்தது என்று தெரிந்தால் உரம் போடுவதா, மருந்து அடிப்பதா, வேலைக்கு ஆள் விடுவதா என்று முடிவு செய்யலாம். ஒரு மழைக்காலத்தில் தோட்டக்காரர்கள் நாலைந்து பேர் கூடிப் பேசி, மலையில் மழைமானி வைத்திருக்கிற எல்லாரையும் சேர்த்தார்கள். ஊர்ப் பெயரும் சென்ட்டும் மட்டும் போட வேண்டும், வேறு எதுவும் கூடாது என்பது சட்டம். சட்டம் போட்டவர்களைக் குறை சொல்ல முடியாது, நல்ல எண்ணத்தில்தான் போட்டார்கள்.

சட்டத்தில் இல்லாத ஒரு வழக்கமும் கூடவே வந்து சேர்ந்தது. எங்கள் மலையில் ஒருவர் தன் மழையைச் சொன்னால் கேட்டுக்கொண்டு சும்மா போகக் கூடாது. "நல்லதுங்க" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட வேண்டும். சொல்லாமல் போனால், இவன் தோட்டத்தில் பெய்யவில்லை, வயிறு எரிகிறான், கண் வைத்துவிட்டான் என்று ஆகிவிடும். குழுவில் அந்த "நல்லதுங்க" கட்டை விரல் படமாக மாறியது. ஒருவர் அறுபது சென்ட் என்று போட்டால் வரிசையாகக் கட்டை விரல்கள் வந்து விழும். நாலு நாள் ஒருவர் விரல் விழாவிட்டால், ஐந்தாம் நாள் டீக்கடையில் அவரைப் பார்த்து, "ஏனுங்க, நம்ம ஊட்டு மழ உங்களுக்குப் புடிக்கலீங்களா?" என்று கேட்பார்கள். சிரித்துக்கொண்டுதான் கேட்பார்கள், ஆனால் கேட்பார்கள்.

மாரமங்கலத்தில் எனக்கு ஒரு நண்பர் உண்டு. என் வயதுதான். மலையிலேயே வழிவழியாக விவசாயம் செய்கிற குடும்பம். காப்பி, மிளகு, வீட்டுக்கு வேண்டிய அளவு ராகி, சாமை. நான் எஸ்டேட்டில் சேர்ந்த காலத்தில் மிளகுக் கொடி விற்க வந்தவர், அப்படியே பழக்கமாகிவிட்டார். கிழக்கேயிருந்து வரும் மழை அவர் ஊரைத் தாண்டித்தான் எங்களுக்கு வரும். காப்பிப் பழத்தைப் பறித்துக் களத்தில் காயப் போட்டிருக்கும் நாட்களில், அவர் ஊரில் வானம் மூடினால் உடனே எனக்கு போன் செய்வார். "ஏனுங் ரைட்டரு, கெளம்பிருச்சு. மூடிக்கோங்க." தார்ப்பாயை இழுத்துப் போட எனக்கு நேரம் கிடைக்கும். மழை ஓய்ந்ததும் நான் திருப்பி போன் செய்வேன். பிறகு மிளகு விலையில் தொடங்கி மூட்டு வலி வரைக்கும் பேசுவோம். அவர் சொல்லி நான் மூடி, ஒரு சொட்டு விழாமல் போன நாட்களும் உண்டு. அதை வைத்து அவரை ஒரு வாரம் ஓட்டுவேன்.

குழு வந்த பிறகு இந்தச் செய்தியும் குழுவுக்குப் போயிற்று. "மாரமங்கலம். கெளம்பிருச்சு." நான் ஒரு கட்டை விரல் போட்டுவிட்டுத் தார்ப்பாயை எடுப்பேன். மழை ஓய்ந்ததும் சென்ட்டைப் போடுவேன், அவர் ஒரு கட்டை விரல் போடுவார். வசதியாகத்தான் இருந்தது. நாங்கள் இரண்டு பேரும் பேசுவதை நிறுத்திவிட்டோம் என்பதை நான் கவனிக்கவில்லை. அவரும் கவனித்திருக்க மாட்டார்.

நான் எந்தக் கட்சிப் பக்கம் என்று இங்கே எழுதப் போவதில்லை. எழுதினால் உங்களில் பாதிப் பேர் எனக்காக வருத்தப்படுவீர்கள், மீதிப் பேர் நன்றாக வேண்டும் என்பீர்கள். இரண்டும் எனக்கு வேண்டாம். எங்கள் வீடு எந்தப் பக்கம் என்பது வெள்ளக்கடையில் நாய்க்கும் தெரியும் என்பதை மட்டும் சொல்லி வைக்கிறேன். நண்பர் எந்தப் பக்கம் என்று நான் கேட்டதில்லை. ஓட்டுப் போட்ட பிறகு பார்த்துக்கொண்டால் இரண்டு பேரும் விரலில் இருக்கும் மையைக் காட்டிக்கொள்வோம், அத்தோடு சரி. அதற்குமேல் கேட்பது ஒருவரின் வீட்டு அடுப்படியில் எட்டிப் பார்ப்பது மாதிரி என்று அப்போது நினைத்திருந்தோம்.

குழு ஒரு பக்கமாகச் சாய்ந்தது மழையில்லாத மாதங்களில்தான். இது என் சொந்தக் கண்டுபிடிப்பு. யாரும் என்னிடம் கேட்கவில்லை, ஆனாலும் எழுதிவிடுகிறேன். தை மாதம் பிறந்தால் மழை நின்றுவிடும். மழைமானி வைத்திருப்பவனுக்குச் சொல்ல ஒன்றும் இருக்காது. ஆனால் விடிந்ததும் போனை எடுத்துப் பார்க்கும் பழக்கம் அதற்குள் எல்லாருக்கும் வந்துவிட்டது. எடுத்துப் பார்த்தால் குழு காலியாகக் கிடக்கிறது. அது யாருக்கும் பிடிக்கவில்லை. அந்த நேரத்தில் சொல்வதற்கு நிறைய வைத்திருந்தவர் ஒரே ஒருவர்தான்.

அவரைப் பெங்களூர்க்காரர் என்றே சொல்வோம். எங்கள் மலையில் அவருக்குத் தோட்டம் இருக்கிறது. வீடு, வேலை, பிள்ளைகள் படிப்பு எல்லாம் பெங்களூரில். மழைமானி கிடையாது. தோட்டக்காரராயிற்றே என்று மரியாதைக்குச் சேர்த்திருந்தார்கள். கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். மலைக்கு வந்தால் இனிப்பு வாங்கி வருவார், எல்லாரையும் நிறுத்தி நலம் விசாரிப்பார். மழைக்காலம் முழுவதும் மற்றவர்களின் மழைக்குக் கட்டை விரல் போட்டுக்கொண்டிருந்தார். தன் பங்குக்குப் போட அவரிடம் ஒரு சென்ட்கூட இல்லை. பாவம், அது அவருக்கும் ஒரு மாதிரியாகத்தான் இருந்திருக்கும். மழை நின்றதும் அவர் முறை வந்தது.

முதலில் காலை வணக்கம், பூப்படம், சாமி படம். பிறகு காப்பி விலை பற்றிய செய்தி. பிறகு காப்பி விலையும் அதற்கு யார் காரணம் என்பதும். பிறகு காப்பி விலை கழன்றுபோய், யார் காரணம் என்பது மட்டும். எல்லாவற்றுக்கும் கட்டை விரல்கள் விழுந்தன. மழைக்குப் போட்டுப் பழகிய கை. ஒருவர் ஒன்றைப் போட்டால் சும்மா போகக் கூடாது, அவ்வளவுதான். பாதிப் பேர் படித்திருக்கவே மாட்டார்கள். ஆனால் போட்டவருக்கு அது எப்படித் தெரியும்? பெங்களூரில் உட்கார்ந்துகொண்டு பார்க்கிறவருக்கு, மலை முழுவதும் தன் பேச்சுக்குத் தலையாட்டுகிறது என்றுதான் தோன்றும். எனக்கு அத்தனை பேர் தலையாட்டியிருந்தால் நானும் அப்படித்தான் நம்பியிருப்பேன், இன்னும் நாலு வார்த்தை கூடவே பேசியிருப்பேன்.

அவரும் பேசினார். உண்மையிலேயே அவர் கட்சிப் பக்கம் இருந்தவர்களுக்குக் கூச்சம் விட்டுப்போய் அவர்களும் போடத் தொடங்கினார்கள். நேற்றுப் போட்டதையே இன்றும் போட்டால் ருசிக்காது. ஒவ்வொரு நாளும் காரம் கொஞ்சம் கூட வேண்டியிருந்தது. ஒருவர் மட்டும் ஒருநாள், "இது மழைக்கான குழுங்க" என்று எழுதினார். "மழ இல்லாதப்ப என்னத்தங்க பேசறது?" என்று பதில் வந்தது. அதற்குச் சிரிப்புப் படங்கள் விழுந்தன. மறுநாள் அவர் குழுவில் இல்லை. அடுத்த வாரம் இன்னொருவர் இல்லை. ஒருவர் போகப் போகக் குழு இன்னும் கொஞ்சம் சாய்ந்தது. யாரும் யாரையும் பேசி மாற்றவில்லை. தராசில் ஒரு தட்டிலிருந்து ஒவ்வொரு கல்லாக எடுத்துக்கொண்டே வந்தால் மறு தட்டு தானாகக் கீழே இறங்கிவிடும். அதில் புதிதாக எதையும் வைக்க வேண்டியதில்லை.

மாசி மாதத்தில் ஒருநாள் எதிர்பாராமல் லேசான மழை. மறுநாள் காலை குழுவைப் பார்த்தேன். எந்தெந்த ஊரிலிருந்து சென்ட் வரவில்லை என்று பார்த்தாலே யார் யார் போய்விட்டார்கள் என்று தெரிந்தது. மலை முழுக்கப் பெய்திருந்தது. குழுவின் கணக்குப்படி பல ஊர்களில் மழையே இல்லை. இதை மனைவியிடம் சொன்னேன். "உங்களுக்கு வேற வேல இல்லீங்களா?" என்றாள்.

பிறகு தேர்தல் வந்தது. ஓட்டுப் போடும் நாளுக்குக் கொஞ்சம் முன்னால் பெங்களூர்க்காரர் ஒரு படம் போட்டார். எஸ்டேட் லைன் வீடுகள் தெரியும் அல்லவா, கூலிக்காரர்களுக்கு ஒரே கூரையின் கீழ் வரிசையாகக் கட்டிக் கொடுக்கிற ஒற்றை அறைகள். படத்தில் அந்த லைன் வீட்டு வாசலில் ஆணும் பெண்ணும் தட்டை நீட்டிக்கொண்டு நிற்கிறார்கள். கீழே, "ஒரு பிரியாணிப் பொட்டலம், ஒரு ஓட்டு" என்று எழுதியிருந்தது. எதிர்ப்பக்கத்துக்கு, அதாவது எங்கள் பக்கத்துக்கு, விழும் ஓட்டெல்லாம் இப்படி வாங்கியதுதான் என்பது அதன் சாரம்.

நான் லைன் வீட்டில் பிறந்தவன். என் அம்மா அந்த எஸ்டேட்டில் பழம் பறித்தவள். ஓட்டுப் போடும் நாளில் கிறிஸ்துமஸுக்கு எடுத்த சேலையைப் பெட்டியிலிருந்து எடுத்துக் கட்டிக்கொண்டு போவாள். அவள் யாரிடமும் எதுவும் வாங்கியதில்லை என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன். வாங்கியிருக்கலாம், பசித்த வீடு அது. வாங்கியிருந்தாலும் தனக்குப் பிடித்தவனுக்குத்தான் குத்தியிருப்பாள். அதை மட்டும் சத்தியம் செய்வேன்.

படத்துக்குக் கீழே கட்டை விரல்கள் நிறைய. பெயர்களைத் தள்ளித் தள்ளிப் பார்த்தேன். நடுவில் என் மாரமங்கலத்து நண்பரின் பெயர் இருந்தது. அந்த லைன் வீட்டில் சாப்பிட்டவர் அவர். மிளகுக் கொடி விற்க வந்த காலத்தில் கடைசி பஸ்ஸை விட்டுவிட்டு எங்கள் அறையில் படுத்து எழுந்து போயிருக்கிறார். மூன்று பேர் படுத்தால் நாலாவது ஆளுக்குக் கால் நீட்ட இடமில்லாத அறை. அம்மா அன்று வாசலில் படுத்துக்கொண்டாள்.

எனக்குக் கோபம் வரவில்லை. வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும், நான் கோபக்காரன், கோபத்தை எப்படி வைத்துக்கொள்வது என்று எனக்குத் தெரியும். இது வேறு மாதிரி இருந்தது. பல் பிடுங்குவதற்கு முன் ஊசி போட்ட கன்னம் மாதிரி. தொட்டால் கைக்குத் தெரிகிறது, கன்னத்துக்குத் தெரிவதில்லை. போனை மனைவியிடம் கொடுத்தேன். அவள் படத்தைப் பார்த்தாள், பெயரையும் பார்த்தாள். "இவருங்களா?" என்றாள். போனைத் திருப்பிக் கொடுத்து, "காப்பி ஆறுதுங்க" என்றாள். குடித்தேன்.

ஒரு போன் செய்து அவரிடம் கேட்டிருக்கலாம். தோன்றாமல் இல்லை. தெரியாமல் போட்டேன் என்று சொன்னால் நம்ப வேண்டும், தெரிந்துதான் போட்டேன் என்று சொன்னால் அதையும் கேட்டுக்கொள்ள வேண்டும். இரண்டுக்கும் எனக்குத் தெம்பில்லை. அதற்குப் பதிலாகக் குழுவில் கட்டை விரல் போடுவதை நிறுத்தினேன். அரசியலுக்கு மட்டும் நிறுத்தியிருக்கலாம். மழையே இல்லாத நாட்கள், போடுவதற்கு அரசியலைத் தவிர வேறு ஒன்றும் அங்கே இல்லை.

தேர்தல் முடிந்தது. சித்திரையில் பூ மழை வந்தது. காப்பிச் செடியில் மொட்டு கட்டி வாரக்கணக்கில் காத்துக்கொண்டிருக்கும். ஒரே ஒரு நல்ல மழை விழுந்தால் பத்து நாளில் மலை முழுவதும் வெள்ளையாகப் பூத்துவிடும். விழாவிட்டால் அந்த வருடத்து மகசூலை மறந்துவிட வேண்டியதுதான். ஒரு காப்பிக்காரன் வருடத்தில் சொல்லக்கூடிய மகிழ்ச்சியான செய்தி இது ஒன்றுதான். விடிந்ததும் மழைமானியைப் பார்த்தேன், என் கண்ணையே நம்பாமல் இரண்டாம் தடவையும் பார்த்தேன். குழுவில் போட்டேன். "வெள்ளக்கடை. ஒரு அங்குலம் பத்து சென்ட்."

ஒரு கட்டை விரலும் விழவில்லை. எனக்குப் பின்னால் மற்ற ஊர்களின் மழை வந்தது. அவற்றுக்கெல்லாம் விழுந்தது. நண்பரும் போட்டார். "மாரமங்கலம். எண்பது சென்ட்." அதற்குக் கொத்தாக விழுந்தது. என் மழைக்கு நேர் கீழேதான் அவர் மழை இருந்தது. என்னுடையதைப் பார்க்காமல் அவர் தன்னுடையதைப் போட்டிருக்க முடியாது. மத்தியானம் பார்த்தேன், விளக்கு வைக்கும் நேரத்திலும் பார்த்தேன். வெறும் வரியாகவே கிடந்தது.

நான் அவர் மழைக்கு ஒரு கட்டை விரல் போட்டேன். மழை மேல் எனக்கு என்ன கோபம்? போட்டுவிட்டுக் குழுவிலிருந்து வெளியேறினேன். ஒருவரிடமும் சொல்லிக்கொள்ள வேண்டியதில்லை. சாம்பல் நிறத்தில் ஒரு சின்ன வரி வரும், இன்னார் வெளியேறினார் என்று. அடுத்த ஆளின் மழை வந்து அதை மேலே தள்ளிவிடும்.

அதற்குப் பிறகு பல மாதங்கள் எப்படிப் போயின என்று கேட்டால் சொல்லத் தெரியாது. பூத்தது, காய் பிடித்தது. காலையில் மழைமானியைப் பார்த்தேன், தண்ணீரைக் கீழே ஊற்றினேன். ஞாயிற்றுக்கிழமை மனைவியோடு கோயிலுக்குப் போனேன். ஏன் வெளியேறினீர்கள் என்று ஒருவரும் கேட்கவில்லை. கேட்டால் என்ன சொல்வது என்று முதல் வாரத்தில் யோசித்து வைத்திருந்த பதில் ஒன்று இருந்தது. அது மறந்துபோயிற்று.

ஆவணியில் ஒருநாள் சேலம் போய்விட்டு பஸ்ஸில் திரும்பிக்கொண்டிருந்தேன். அடிவாரத்தில் பஸ் நின்றபோது நண்பர் ஏறினார். என் பக்கத்தில்தான் இடம் இருந்தது. வந்து உட்கார்ந்தார்.

"ஏனுங் ரைட்டரு, நல்லா இருக்கீங்களா? ஊட்டுல எல்லாரும் சௌரியந்தானுங்களா?"

"இருக்கோமுங்க."

மலை ஏறும்வரை மிளகுக் கொடிக்கு வந்திருக்கும் வாடல் நோயைப் பற்றிப் பேசினோம். சில கொண்டை ஊசி வளைவுகள் கடந்திருக்கும். டிக்கெட் எவ்வளவு என்று கேட்கிற குரலில்தான் நான் கேட்டேன். "அந்த லைன் ஊட்டுப் படத்துக்குக் கட்டவெரல் போட்டிருந்தீங்களே. பாத்துட்டுத்தான் போட்டீங்களா?"

அவர் ஜன்னல் பக்கம் பார்த்தார். பிறகு, "பாத்தனுங்க" என்றார்.

"கீழ எழுதியிருந்ததப் படிச்சீங்களா?"

"படிச்சனுங்க." வேட்டி மடிப்பைச் சரிசெய்துகொண்டார். "ஒருத்தரு ஒண்ணு போட்டா நாம போடோணுமில்லீங்களா. மழைக்குப் போடற மாதிரிதானுங்க போட்டேன். மனசுல ஒண்ணும் வெச்சுட்டுப் போடல."

"என்ற மழைக்குப் போடலீங்களே."

அடுத்த வளைவில் அவர் முன் சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டார். "அன்னைக்கு ஆருமே போடலீங்க. நான் ஒருத்தன் மட்டும் போட்டா..." என்று தொடங்கி அப்படியே விட்டுவிட்டார்.

பிறகு அவரே குரலைத் தாழ்த்தி, "நொம்ப நாளா ஒண்ணு சொல்லோணும்னு இருந்தனுங்க. என்ற ஓட்டு என்னைக்கும் உங்க பக்கந்தானுங்க. இந்தத் தடவையும் அங்கதான் போட்டேன். எங்கூட்டுல எல்லாருமே அப்படித்தான்" என்றார்.

இது எனக்கு ஆறுதலாக இருந்திருக்க வேண்டும். இல்லை. அந்தப் படத்துக்குக் கீழே பார்த்த மற்றப் பெயர்கள் ஒவ்வொன்றாக ஞாபகத்துக்கு வந்தன. அவற்றில் இன்னும் எத்தனை பேர் இவரைப் போல? அந்தக் குழு எந்தப் பக்கம் என்று கேட்டால் மலையில் எல்லாரும் ஒரே பதிலைத்தான் சொல்வார்கள். உள்ளே இருக்கிறவர்கள் எந்தப் பக்கம் என்பது அவர்களுக்கே ஒருவரைப் பற்றி ஒருவருக்குத் தெரியாது. ஆளுக்கு ஆள் பக்கத்து ஆளின் விரலைப் பார்த்துப் பயந்து தன் விரலைப் போட்டுக்கொண்டிருந்தார்கள். எதிரி ஒருவர் என்னைக் குத்தியிருந்தால் எனக்குப் புரிந்திருக்கும். என் பக்கம் ஓட்டுப் போட்டவரே அவர்களோடு சேர்ந்து குத்தினார், அதுவும் மரியாதைக்காக. இதை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

நான் இறங்கும் இடம் வந்தது. எழுந்தேன். அவர் என் கையைப் பிடித்தார். "களத்துல காப்பி போடுவீங்கல்ல. மழ கெளம்புனா முன்ன மாதிரி ஒடனே போன் பண்ணிச் சொல்றனுங்க, ரைட்டரு."

"சொல்லுங்க" என்றேன். உள்ளே ஏதோ லேசாக அசைந்த மாதிரி இருந்தது. மரத்துப்போன கன்னத்தில் முதலில் வலிதான் திரும்பி வரும், அதுபோல. நான் குழுவில் இல்லை என்பதை அவரிடம் சொல்லவில்லை. தெரிந்திருக்கும் என்று நினைத்தேன்.

அந்தப் பூ மழை நல்ல மழை. மார்கழியில் செடி தாங்காமல் பழம். ஆள் வைத்துப் பறித்துக் களம் முழுக்கப் பரப்பினோம். பழம் முழுதாகக் காய வெயில் விடாமல் அடிக்க வேண்டும். பாதி காய்ந்த பழம் நனைந்தால் பூஞ்சை பிடித்துவிடும், பிறகு அதை வாங்க ஆளில்லை. மனைவியும் நானும் மாறி மாறிக் கிளறிவிட்டோம். போனைக் களத்துச் சுவரின் மேல், கண்ணில் படுகிற இடத்தில் வைத்திருந்தேன். சாப்பிட உள்ளே போனால் கையோடு எடுத்துக்கொண்டு போவேன்.

"சொல்லுவாருங்களா?" என்று மனைவி கேட்டாள்.

"சொல்லுவாரு" என்றேன். அவர் குரலைக் கேட்டு வெகு நாளாகிறது என்பதும், அதற்காகவே ஒரு மழை வந்தால்கூடப் பரவாயில்லை என்று நினைத்ததும் உண்மை. காப்பிக்காரன் மார்கழியில் நினைக்கக் கூடாத நினைப்பு அது.

பழம் பாதி காய்ந்திருந்தபோது மழை வந்தது. மத்தியானச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்திருந்தோம். தட்டுக்குப் பக்கத்தில் போன் சும்மா கிடந்தது. கூரை ஓட்டின் மேல் முதல் சொட்டு விழுந்த சத்தத்தில்தான் தலை நிமிர்ந்தேன். ஓடினோம். தார்ப்பாயின் ஒரு முனையை மனைவி பிடித்தாள், மறு முனை காற்றில் என் கையை விட்டுப் பறந்தது. திரும்பப் பிடிப்பதற்குள் களத்தில் தண்ணீர் நின்றது. பழங்கள் மிதந்துபோய் வாய்க்கால் ஓரத்தில் சேர்ந்தன. மனைவி சேலையெல்லாம் நனைந்து அதன் நடுவில் நின்றாள். உள்ளே வந்து போனைப் பார்த்தேன். அழைப்பு எதுவும் வந்திருக்கவில்லை. சிக்னல் முழுசாக இருந்தது.

மறுநாள் காலையில் நண்பர் வண்டியில் வந்தார். சிரித்துக்கொண்டேதான் வந்தார். "நேத்து நல்ல நேரத்துல சொல்லிப்போட்டனுங்க, இல்லீன்னா..." என்றவர் களத்தைப் பார்த்ததும் நின்றார். "ஏனுங் ரைட்டரு, மூடலீங்களா?"

"தெரியலீங்க, மழ வர்றது."

"சொன்னனுங்களே!" போனை எடுத்து என் முகத்துக்கு நேராக நீட்டினார். "எங்க களமும் தொறந்து கெடந்துதுங்க. ஒரு கையில தார்ப்பாயி, ஒரு கையில போனு. கூப்புட்டுப் பேச நேரமில்ல, பழக்கத்துல இதுல போட்டுட்டேன். பாருங்க."

பார்த்தேன். குழுதான். "மாரமங்கலம். கெளம்பிருச்சு. ரைட்டரு, மூடிக்கோங்க." அதற்குக் கீழே கட்டை விரல்கள். பெங்களூர்க்காரரின் விரல்தான் முதலில் விழுந்திருந்தது. அடுத்து எங்கள் வெள்ளக்கடையிலிருந்தே வேறொருவர் தன் சென்ட்டைப் போட்டிருந்தார், ஊர்க் கணக்கில் குறை எதுவும் தெரியவில்லை. அத்தனை பேர் பார்த்து விரல் போட்டிருந்தார்கள். ரைட்டர் இதில் இல்லையே என்று ஒருவர்கூட எழுதியிருக்கவில்லை.

"நான் இதுல இல்லீங்க" என்றேன்.

அவர் நம்பவில்லை. குழுவில் இருப்பவர்களின் பெயர்களை மேலிருந்து கீழே வரைக்கும் தள்ளிப் பார்த்தார். மறுபடி மேலே போய், இந்தத் தடவை மெதுவாகத் தள்ளினார். மனைவி கூடையைக் கொண்டுவந்து வைத்து, நனைந்த பழத்தை வாரத் தொடங்கியிருந்தாள்.

"எப்பங்க போனீங்க?" என்றார், போனிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"பூ மழ பேஞ்ச அன்னைக்குங்க" என்றேன். குனிந்து நானும் வாரத் தொடங்கினேன்.